தலையணை உறைக்குள் பத்துப் பொருள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் சபை வாலிபர்கள் என்னைத் தேடி வருவார்கள். "டீச்சர், அந்தக் காலத்துல விளையாட்டு நடத்துததுல நீங்கதான் பெரிய ஆளாம்லா, இந்த வருசம் வந்து நடத்தித் தாங்க" என்பார்கள். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. கடைக்கு நடந்துதான் போய் வருகிறேன்.

நான் வேலை பார்த்தது தென்காசியில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. டீச்சர்மார் பன்னிரண்டு பேர். அரைப் பரீட்சை முடிகிற அன்று மத்தியானம் எல்லாரும் பஸ் ஏறிக் குற்றாலம் போவோம். சபையில் ஒருவருக்கு அங்கே ஒரு பங்களா இருந்தது. ஆனி, ஆடியில் அதை நாள் வாடகைக்கு விடுவார்கள். மார்கழியில் சீந்த ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும். காவல்காரர் திறந்துவிட்டு, வௌவால் புழுக்கையைக் கூட்டித் தருவார். முறுக்கு, முந்திரிக்கொத்து, ஒரு தகர டப்பாவில் கேக், காபித் தூள், இவ்வளவுதான் எங்கள் விழா. மிச்சமெல்லாம் விளையாட்டு. விளையாட்டு என்றால் நான்.

எனக்கு அதில் அப்படி ஒரு ஆசை. பிள்ளைகளுக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற டீச்சர்மார் ஒரு நாற்காலிக்காக முட்டி மோதுவதைப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்துவிடும். பாட்டு எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது நான். தோற்றவர்களுக்குத் தண்டனை எழுதிவைப்பதும் நான்தான். யாரை எது கூச வைக்கும் என்று தெரிந்தே எழுதுவேன். குண்டாக இருக்கிறவர் நொண்டி அடிக்க வேண்டும். பாட வராதவர் பாட வேண்டும். "உங்களுக்கு இந்த நாக்கை ஆண்டவர் எதுக்குத்தான் குடுத்தாரோ" என்று தலைமை டீச்சரம்மாவே சொல்வார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆடுவேன்.

என் விளையாட்டுகளில் பேர் போனது பை விளையாட்டு. ஒரு தலையணை உறைக்குள் பத்துப் பொருள் போட்டு வைப்பேன். ஒவ்வொருவராக வந்து, எட்டிப் பார்க்காமல், கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவ வேண்டும். முப்பது எண்ணுவேன். பிறகு என்னென்ன இருந்தது என்று தாளில் எழுதித் தர வேண்டும். ஜாதிக்காயையும் கொட்டைப்பாக்கையும் சேர்த்துப் போடுவேன். ஓட்டைக் காலணாவோடு பெரிய பொத்தான் ஒன்றைப் போடுவேன். பாதிப் பேர் அங்கேயே கவிழ்ந்துவிடுவார்கள்.

கவிழாதவர் ஒரே ஒருவர், எங்கள் தையல் டீச்சர். மூன்று வருடம் தொடர்ந்து அவருக்குத்தான் பரிசு. துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தே எந்த நூல் என்று சொல்லிவிடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அப்பா அம்மா இல்லை. தங்கையை வளர்த்து ஆளாக்குவதிலேயே வயது போய்விட்டது. எங்கள் சபைக் கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த வருடம் தங்கைக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஜனவரியில் ஓலை வாசிப்பு, பிப்ரவரியில் கல்யாணம். எங்கள் சபை வழக்கப்படி மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று.

பள்ளிக்கூடத்தில் எனக்கு நெருக்கம் என்றால் தையல் டீச்சர்தான். அதனால் அந்த வருடம் அவருக்காகவே ஒரு குறும்பு செய்தேன். ஊசி குத்தாமல் இருக்கத் தையல்காரர்கள் விரல் நுனியில் ஒரு வெள்ளிக் குல்லா மாட்டிக்கொள்வார்கள், பார்த்திருப்பீர்கள். அவர் பெட்டியிலிருந்து அவருடைய குல்லாவையே அவருக்குத் தெரியாமல் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். தன் பொருள் தன் விரலில் தட்டுப்படும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் நோக்கம். கூடவே ஒரு ஊக்கும் போட்டேன். மாட்டித்தான் போட்டேன். நாலைந்து கை புகுந்து வந்ததில் அது திறந்துகொண்டது. தமிழ் டீச்சர் "ஆத்தாடி, என்னமோ குத்துது!" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். அதை எடுத்து மூடிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு பேர் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

தையல் டீச்சர் கடைசியாக வந்தார். முப்பது எண்ணி முடித்தும் கையை எடுக்கவில்லை. "நேரம் முடிஞ்சுட்டு டீச்சர்" என்றேன். சிரித்துக்கொண்டே போய் எழுதித் தந்தார்.

தாள்களை நான்தான் சத்தமாக வாசிப்பேன். அவருடையதை ருசிக்காகக் கடைசிக்கு வைத்திருந்தேன். பத்தில் இரண்டுதான் சரி. ஜாதிக்காய், சீப்பு. காலணாவைப் பொத்தான் என்றும் பொத்தானைக் காலணா என்றும் எழுதியிருந்தார். ஊக்கு அவர் தாளில் இல்லவே இல்லை. வெள்ளிக் குல்லாவுக்கு நேராகக் கொட்டைப்பாக்கு என்று இருந்தது. நான் அந்தக் குல்லாவை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினேன். "இது யார் வீட்டுப் பாக்குன்னு பாத்தியளா? தையல் டீச்சர் தினமும் விரல்ல மாட்டுத பாக்கு!" பங்களாவே அதிர்ந்தது. கல்யாண நினைப்பில் கை மரத்துப் போச்சு என்று யாரோ சொன்னார்கள். எட்டுத் தவறுக்கு எட்டு முறை சேவல் மாதிரி கூவ வேண்டும் என்று தண்டனை கொடுத்தேன். அவரும் கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு கூவினார்.

அப்போது பார்த்தேன். அவருடைய வெள்ளைச் சேலையில் இடுப்புப் பக்கம் சிவப்பாக இழுத்திருந்தது. மோதிர விரலில் ஊக்கு கீறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. ஐந்தாவது கூவலில் நான் பார்ப்பதைப் பார்த்து, பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

என் வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்கும். நான்தான் சுகாதாரப் பாடம் எடுப்பேன். தோலில் வெளுத்த தேமல், அதில் உணர்ச்சி இராது, விரல் மரத்துப்போகும், சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. குஷ்டரோகத்தின் ஆரம்ப அடையாளங்கள் என்று குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வேன். படத்தின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி உண்டு. தொடக்கத்திலேயே மருந்து சாப்பிட்டால் முழுதும் குணமாகும். அதையும்தான் சொல்ல வைப்பேன்.

கை கழுவ என்று அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "வலிக்கலையா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல்.

"எவ்வளவு நாளா?"

"ஆடியில இருந்து. முதல்ல சுண்டுவிரல்தான் மரத்துச்சு. இப்ப வலது கையில எதைத் தொட்டாலும் துணி சுத்தித் தொடுத மாதிரி இருக்கு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், தங்கச்சி கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விட்டுராதிய. மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருதேன். சத்தியமாப் போயிருதேன்."

"நான் யார்ட்ட போய்ச் சொல்லப் போறேன்" என்றேன். "பிப்ரவரிதானே, இந்தா வந்துரும்" என்றேன்.

நாளைக்கே வாங்க, நானும் கூட வருகிறேன், யாருக்கும் தெரியாமல் போய் வந்துவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். தினமும் வாசிக்கிற படத்தில் எழுதியிருக்கிறதே. அது என் வாயில் வரவில்லை. அவர் என் கையை விட்டால் போதும் என்று மட்டும்தான் இருந்தது. அவர் முன்னறைக்குப் போனதும் துணி சோப்பு ஒரு துண்டு கிடந்ததை எடுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். பிறகு போய் அடுத்த விளையாட்டை நடத்தினேன். அது நன்றாகவே நடந்தது.

வாக்கை நான் மீறவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு டம்ளர் கொண்டுவந்தேன். ஆயா எல்லாருக்கும் ஒரே தட்டில் காபி கொண்டுவருவார். நான் என் டம்ளரை நீட்டி ஊற்றச் சொன்னேன். தொண்டை சரியில்லை என்று காரணம் சொன்னேன். தையல் டீச்சரும் நானும் ஒரே பெஞ்சில் உட்காருவது வழக்கம். ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். தன் டம்ளரை எடுத்து மேசையின் ஓரத்தில் தனியாக வைக்க ஆரம்பித்தார்.

கணக்கு டீச்சருக்குக் கண் கூர்மை. ஒரு நாள் என்னை மடக்கினார். "உங்களுக்கும் தையல் டீச்சருக்கும் என்ன மனத்தாங்கல்?"

"ஒண்ணுமில்ல."

"அப்பறம் ஏன் ரெண்டு பேரும் வடக்கயும் தெக்கயும் இருக்கிய?"

"அதைக் கேக்காதிய டீச்சர். நான் வாக்குக் கொடுத்திருக்கேன், சொல்ல முடியாது."

ரகசியத்தைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷி என்று காட்டிக்கொள்ள அந்த இடத்தில் எனக்கு ஒரு ஆசை. சொல்லி முடித்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன செய்ய? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? பாக்கு, ஊக்கு, சேலையில் ரத்தம் என்று அவர்களே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் ஆயிற்றே.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு குருவானவர் வேறு இரண்டு ஜோடியின் ஓலையை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். கோவில் முழுக்க ஒரு சலசலப்பு. மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை சாயங்காலமே சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அக்காளும் தங்கையும் எனக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனியவே இல்லை. ஆராதனை முடிகிறவரை நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். எனக்குத்தான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை தலைமை டீச்சரம்மா தையல் டீச்சரைக் கூப்பிட்டு லீவில் போகச் சொன்னார்கள். அவர் ஊரைவிட்டு தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியனுப்ப நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு லீவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான்.

அடுத்த டிசம்பரிலும் குற்றாலம் போனோம். பை விளையாட்டு வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து நடத்தினேன். புதிதாக வந்த தையல் டீச்சர் பத்துக்கு ஒன்பது சொன்னார். கை தட்டினோம். அதற்குப் பிறகு நான் எந்த விளையாட்டும் நடத்தவில்லை.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு ஆடி மாதம், குற்றாலத்தில் உடம்பு தேற வந்து தங்கியிருந்த என் சித்தியைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். நல்ல சாரல். பழக்கடைகளுக்குப் பக்கத்தில் "டீச்சர்!" என்று ஒரு குரல். தையல் டீச்சர்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தார். வலது சுண்டுவிரல் மட்டும் லேசாக மடங்கியிருந்தது. எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"முழுசும் சொகமாயிட்டு டீச்சர். மாத்திரை நிறுத்தி ரெண்டு வருசமாச்சு, டாக்டர் சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாரு. அந்த ஆஸ்பத்திரியிலயே தையல் சொல்லிக் குடுக்கேன்" என்றார். பிறகு, "நீங்க அன்னிக்கு கவனிச்சதாலதான் இந்தக் கை இருக்கு. ஒரு வருசம் தள்ளியிருந்தா அஞ்சு விரலும் மடங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. தெனமும் ஜெபத்துல ஒங்க பேரைச் சொல்லுதேன்" என்றார்.

அப்படிச் சொல்லாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றேன்.

"தங்கச்சி?"

"நர்சு படிச்சு வேலை பாக்கா. கல்யாணப் பேச்சை எடுத்தா எழுந்து போயிருதா." முந்தானையால் முகத்துச் சாரலைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க பேர எடுத்தாலும் எழுந்து போயிருதா, அது மட்டும் ஏன்னு எனக்கு வெளங்கல" என்றார். விளங்கித்தான் அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவர் கையில் ஒரு தேக்கிலையில் பலாச்சுளைகள் இருந்தன. ஒன்றை எடுத்து, கொட்டையை விரலால் பிதுக்கி எறிந்துவிட்டு, என்னிடம் நீட்டினார். எனக்கு எல்லாம் தெரியும். குணமான நோய் ஒட்டாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். "இப்பத்தான் சாப்பிட்டேன் டீச்சர், வீட்டுல போய்ச் சாப்பிடுதேன்" என்றேன்.

அவர் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அந்தச் சுளையை இலையிலேயே வைத்து, இலையை நான்காக மடித்து, நார் கிழித்துக் கட்டி என்னிடம் கொடுத்தார். "பைய்ய வீட்டுல போய் சாப்பிடுங்க" என்றார். பஸ் கிளம்புகிறவரை நின்று கை காட்டினார்.

தென்காசி வரும்வரை பொட்டலம் மடியில் இருந்தது. இறங்கும்போது அதை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். "யம்மா, பொட்டலத்த விட்டுட்டுப் போறியளே" என்று கண்டக்டர் படியில் நின்று கூப்பிட்டார். அது என்னுடையது இல்லை என்று சொன்னேன்.