டி டிரைவில் திறந்து கிடந்த ஃபோல்டர்

ஐஸ் நொறுக்கும் மெஷினின் இரைச்சல், கூடவே ஈர மீன் வாசம்... திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் நான் வேலை பார்த்த ஐஸ் கடையை நினைத்தால் முதலில் வருவது இவைதான்.

அங்கே ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது. அதையும் ஐஸில் போட்டு வைக்காமல் விட்டோமே, அதுவே பெரிய காரியம்.

பில் அடிக்கும் சொஃப்ட்வெயரைப் போட வந்தவர் மனேஜர் குகன் அண்ணையிடம் சொன்னார்:

"சி டிரைவில போட்டா எதைத் தொட்டாலும் பாஸ்வேர்ட் கேக்கும். டி டிரைவில தனி ஃபோல்டர் அடிச்சுப் போடுறன். ஆரும் உள்ள போகலாம், கரைச்சல் இல்லை."

இதை எங்கள் லொறி டிரைவர், அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் பைசல் நானா, மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பில்லின் தலையில் ஒரு மீன் படம் வரும். அதுவும் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தது. கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்ட குகன் அண்ணையை நானா போனில் படம் பிடித்து, மீனைத் தூக்கிவிட்டு அதே பெயரில் அங்கே வைத்துவிட்டார். ஒரு பில் அடித்துச் சிரிப்பதுதான் திட்டம்...

அதற்குள் ஐஸ் வாங்கப் படகுக்காரர் ஒருவர் வந்துவிட்டார். அவருடைய மகளைத்தான் குகன் அண்ணைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணை பதற்றத்தில் பில்லைப் பார்க்காமலே மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

விஷயம் தெரிந்தபோது ஆள் போய்விட்டார்.

"என்ர கலியாணத்தைக் கெடுத்திட்டாய் நானா."

உடனே அண்ணை சொஃப்ட்வெயர்காரரைக் கூப்பிட்டு ஃபோல்டரைப் பூட்டச் சொன்னார். அவரும் பூட்டினார். பூட்டிய பூட்டில் சொஃப்ட்வெயராலேயே உள்ளே எழுத ஏலாமல் போய், இரண்டு நாள் கையால் பில் எழுதினோம்.

மூன்றாம் நாள் படகுக்காரர் திரும்ப வந்தார். குகன் அண்ணை ஐஸ் அறைக்குள் ஒளிந்தார்.

"தம்பியை வெளியில வரச் சொல்லுங்கோ, விறைச்சுப் போவார். புரோக்கர் கொண்டுவந்த ஸ்டூடியோப் படம் ஒண்டையும் மகள் திரும்பிப் பாக்கேல்ல. இந்தப் பில்லைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவள். ஓம் எண்டிட்டாள்."

இப்போது குகன் அண்ணைக்கு வீட்டோடு சேர்ந்து சொந்த ஐஸ் கடை. கம்ப்யூட்டர் அண்ணியின் பொறுப்பு. ஃபோல்டர் எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது. அண்ணைக்குப் பார்க்க மட்டும் அனுமதி, மாற்ற ஏலாது. போன கிழமை நான் போயிருந்தபோது ஒரு பில்லில் பிழை வந்துவிட்டது. குசினிப் பக்கம் திரும்பி அண்ணியைக் கூப்பிட்டார்:

"இஞ்சரும், ஒருக்கா வந்து திறந்து விடும்."

"பொறுங்கோ, மீன் வெட்டுறன்."

பொறுத்தோம். ஃபோல்டர் திறந்து கிடந்த அந்த நாளில் யாரும் யாருக்காகவும் இப்படிக் காத்து நின்றதில்லை...