பூச்சியம் போட்ட கிழமை

பிள்ளைகளே, யுத்த காலத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. ஷெல்லடிக்குப் பயந்து படுவான்கரையிலிருந்து தோணியேறி வாவியைக் கடந்து வந்த சனங்கள் அங்கே தங்கியிருந்தார்கள். இருந்த ஒரேயொரு கிணறும் கெட்டுப்போய், சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்ட வருத்தம் பரவியது. நிவாரண அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார், அவர் மனம் வைத்தால் பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் வரும் என்றார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று அவருக்குக் காட்ட, கணக்கைப் படமாகக் கீறிய ஒரு வரைபு வேண்டும்.

முகாமில் தொண்டு வேலை செய்த நானும் என் கூட்டாளியும் ஆளுக்கொன்று கீறினோம். நான் அதிகம் படிக்காதவன். ஆனால் ஊரில் கோயில் அறிவித்தல் பலகையெல்லாம் என் கைதான். வயதுக்கொரு நிறம், ஊருக்கொரு நிறம், தொகையைக் காட்டும் ஒவ்வொரு சலாகைக்கும் நிழல், சுற்றிவரத் தாமரைக்கொடி என்று முதுகு முறியக் கீறினேன். கூட்டாளி கீறியது ஒரு கறுப்புக் கோடு. கீழே வாரம் வாரமாகக் கிழமைகள், பக்கத்தில் வருத்தக்காரப் பிள்ளைகளின் தொகை. அவ்வளவுதான்.

கிழமைக்குக் கிழமை வந்து வருத்தக்காரப் பிள்ளைகளை எண்ணி எங்களுக்குக் கணக்குத் தந்த மருத்துவமாது இரண்டையும் பார்த்தார்.

"உன்ர வடிவாத்தான் இரிக்கு தம்பி. ஆனா வருத்தம் கூடுதா குறையுதா எண்டு தேடவேண்டிக் கிடக்கு" என்றார் என்னிடம்.

கூட்டாளியின் கோடு சுவரில் ஏறியது. என் தாமரைக்கொடி சமையல் கொட்டிலின் ஓட்டையை அடைக்கப் போனது.

பிள்ளைகளே, எனக்கு வயிறு எரிந்தது. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாய், கோட்டின் நுனியைத் தொட்டு, ஏறிக்கொண்டே போகுதே என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அவளுக்கே விளங்கிவிட்டது என்பதில் இன்னும் எரிந்தது. கூட்டாளி வேறு, "மச்சான், உன்ர தாமரையில ஒண்டத் தாவன், மூலைக்கு ஒட்டுவம்" என்று பகிடி விட்டான்.

அதிகாரி வரும் நாள் காலையில், ஒரு பிழையாவது அகப்படாதா என்று அவனுடைய வரைபின் முன்னால் போய் நின்றேன். மற்றவர்கள் கோடு ஏறும் இடத்தைத்தான் பார்த்தார்கள். நான் அது விழுந்த இடத்தைப் பார்த்தேன். நடுவே ஒரு கிழமையில் பூச்சியத்துக்கு இறங்கி, பிறகு ஏறியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். அது சண்டையால் றோட்டுப் பூட்டிய கிழமை. மருத்துவமாதுவால் வர முடியவில்லை, பிள்ளைகளை எண்ண ஆளில்லை. கணக்கே வராத இடத்தில் இவன் பூச்சியம் போட்டிருந்தான். அகப்பட்டான் என்று எனக்குச் சந்தோஷம். அதற்குள் வாகனம் வந்துவிட்டது.

அதிகாரி நேரே அந்த இடத்தில்தான் விரல் வைத்தார். ஒரு உதவியும் இல்லாமல் இங்கே வருத்தம் நின்றிருக்கிறதே, இனியும் தானாகவே நின்றுவிடும்தானே என்று கேட்டார். கூட்டாளி கணக்குத் தாளைப் புரட்டத் தொடங்கினான். நான் பேசாமல் நின்றால் அவன் தோற்பான். தண்ணீரும் வராது. வாளிகளோடு பின்னால் நின்ற தாய்மாரைப் பார்த்தேன்.

"ஐயா, அந்தக் கிழமை வருத்தம் நிக்கல்ல. றோட்டுப் பூட்டினதால எண்ண ஒருத்தரும் வரல்ல" என்றேன்.

மருத்துவமாதும் ஓம் என்று தலையாட்டினார். நான் வெள்ளைத்தாள் துண்டொன்றைச் சோற்றால் ஒட்டி, விழுந்த கோட்டை மறைத்தேன். கோடு வந்து நின்றது, ஒரு வெற்றிடம், பிறகு இன்னும் மேலே தொடங்கியது. அதிகாரி அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். அந்தக் கிழமை என்ன நடந்தது என்று தாய்மாரிடம் கேட்டார். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பவுசர் வந்தது. கூட்டாளியின் வரைபு கொண்டுவந்த தண்ணீர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதற்கும் எனக்கு எரிந்தது. "நீ ஏன் மச்சான் அத அவ்வளவு உத்துப் பாத்தநீ?" என்று அவன் கேட்டான். சும்மா என்றேன்.

இப்போதும் பத்திரிகையில் ஒரு வரைபைக் கண்டால் அதே பொறாமைக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கோடு அடியைத் தொடும் இடத்தில் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லையா, அல்லது எண்ணுவதற்கு அங்கே யாரும் போகவில்லையா என்று கேட்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை.