கல்யாணத்தன்று மட்டும் கொதித்த கார்

சாமந்திப் பூவும் ரேடியேட்டரில் கொதிக்கிற கூலன்ட்டும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்... பாயசம் அடிப்பிடித்த மாதிரி. பத்து வருஷத்துக்கு முன்பு எங்கள் கல்யாண சீசன் முழுக்க அந்த வாசனைதான்.

அப்போது சித்தூரில் நானும் என் மனைவி எஸ்தரும் கல்யாணக் கார் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தோம். எங்கள் சபைக் கல்யாணங்களில் பெண் பெரிய காரில்தான் சர்ச்சுக்கு வந்து இறங்க வேண்டும். பெங்களூரில் ஏதோ ஒரு முதலாளி ஓட்டிக் கழித்த நீளமான வெள்ளை செடான் மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை...

பெரிய கார் பழசானால் கார் விலைதான் குறையும், ஸ்பேர் விலை குறையாது. முதல் மாதமே ஸ்டீயரிங் ஆயில் ஒழுகியது. பின் கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஏசியில் ஒரு நாள் காற்று வரும், ஒரு நாள் சத்தம் மட்டும் வரும். சஸ்பென்ஷன் மாற்ற சென்னையிலிருந்து சாமான் வர ஒன்பது நாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று யாரோ எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதையெல்லாம்கூடச் சமாளித்தோம். ஹீட் ஆவதைத்தான் சமாளிக்க முடியவில்லை. சாதாரண நாளில் திருப்பதி போய் வந்தால் சூடு காட்டும் ஊசி நடுவிலேயே நிற்கும். கல்யாணத்தன்று பெண்ணை ஏற்றினால் போதும், விறுவிறுவென்று ஏறிவிடும்!

தெர்மோஸ்டாட் மாற்றினோம். வாட்டர் பம்ப் மாற்றினோம். கடைசியில் திருப்பதி மெக்கானிக் ரமணாவிடம் ரேடியேட்டரே புதுசு போட்டோம், இருபத்திரண்டாயிரம். ஓட்டிப் பார்த்துவிட்டு, "பண்டி பாகனே உந்தி கதா அண்ணா!" என்றான். வண்டி நல்லாத்தானே இருக்கு என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்ல?

என் தம்பி விற்றுவிடச் சொன்னான். எனக்கும் அரை மனசுதான். எஸ்தர் விடவில்லை.

"விக்கறதா இருந்தா நல்லா ஓட்டிக் காட்டிட்டு விக்கலாம். இப்ப வித்தா தோத்துட்டு வித்த மாதிரி ஆயிடும்யா."

அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். காலடியில் இரண்டு தண்ணீர்க் கேன். நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் ஊசியைப் பார்ப்பாள்.

அடுத்த புக்கிங் பாலசமுத்திரத்துப் பெண். சித்தூர் சர்ச்சில் பதினோரு மணிக்கு ஆராதனை. பாஸ்டருக்கு அதன்பின் வேறு ஊரில் இன்னொரு கல்யாணம், காத்திருக்க மாட்டார். ஏற்கெனவே இரண்டு கல்யாணங்களை லேட்டாக்கியிருந்தோம். இதிலும் லேட்டானால் சபையில் ஒருவரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள், தொழில் அத்தோடு முடிந்தது.

பாதி வழியில் எஸ்தர், "ஏறிக்கினே போவுதுய்யா... நிறுத்து" என்றாள்.

ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினேன். மணி பத்து பத்து. பெண்ணின் அம்மா பின்னாலிருந்து, "இன்னா தம்பி இது, நல்ல நாளும் அதுவுமா" என்று ஆரம்பித்துவிட்டார்.

எஸ்தர் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். முன் கிரில்லை மூடி, சாமந்தியும் ரோஜாவும் நெருக்கமாகத் தைத்த பூ மெத்தை. அது அவளுடைய யோசனை. சித்தூரில் வேறு எந்தக் கல்யாணக் காரிலும் அப்படி இராது, அந்தப் பூவைப் பார்த்துத்தான் எங்களை புக் பண்ணுவார்கள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "யோவ்... ரமணாவாண்ட ஒரு நாளாச்சும் பூவோட வண்டிய வுட்டுகீறியா?"

"வாடின பூவோட யாராச்சும் ஒர்க்ஷாப்புக்குப் போவாங்களா? பிச்சிட்டு, கழுவிட்டுத்தான் வுடுவேன்."

"அப்ப இதுக்குள்ள ரேடியேட்டருக்கு காத்து எப்டிய்யா போவும்?"

பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்... அத்தனையும் நல்ல சாமான்! பூவை விட்டுவிட்டு அவற்றைத்தான் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அவள் கயிற்றில் கை வைத்ததுமே பெண்ணின் அம்மா, "ஐயோ பூவப் பிக்காதம்மா, போட்டோல வண்டி மொட்டையா தெரியும்!" என்று கத்தினார். அதுவரை வாயே திறக்காத கல்யாணப் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "நீ பிச்சிப் போடுக்கா. மாப்ள என்னியப் பாப்பாரா, காரப் பாப்பாரா?"

முந்தின நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தைத்ததை எஸ்தர் ஒரே இழுப்பில் பிய்த்தாள். சூடு ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, கிளப்பினோம். ஊசி நடுவுக்கு வந்தது... அங்கேயே நின்றது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு சர்ச் வாசல். பெண்ணை இறக்கி, தலையில் முக்காடு போட்ட வெள்ளை நெட் துணியைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, எஸ்தர் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் காரை இன்னும் மூன்று வருஷம் ஓட்டினோம். பூ பானெட்டின் மேலே மட்டும். பிறகு நன்றாக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பலமனேர்க்காரர் ஒருவருக்கு விற்றோம்.

இப்போது இரண்டு புது வண்டிகள் இருக்கின்றன. வாரண்டி உண்டு. ஏதாவது கோளாறு என்றால் போனுக்கே மெசேஜ் வருகிறது. சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகி, எதை மாற்றணும், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நடு ரோட்டில் நின்று ஐந்து வருஷம் ஆகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் விஜயபுரத்தில் ஒரு கல்யாணம். "நீயும் வாயேன்" என்று எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"வண்டிதான் நல்லா ஓடுதே. நான் வந்து இன்னாய்யா பண்ணப் போறேன்?" என்றாள்.

முன் சீட்டில் பூக்கூடையை வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்...