மருந்தை விட்டவர்

ஆனைக்குட்டம் சோலைச்சாமி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். தொழில் அப்படி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடம் மருந்து கலக்கினார். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்துச் சேர்க்கிற அந்த அறையில், பாதிக் கவனத்தோடு வேலை பார்த்து யாரும் ஓய்வு பெற்றதில்லை.

நாற்பத்து மூன்றாவது வயதில் ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியபோதும் அதே கவனத்தோடுதான் போனார். மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது கம்பெனி விதி. ஜெபக்கூடத்திலும் நிலைக்கதவைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். மற்றவர்கள் கைதட்டிப் பாடும்போது அவர் தட்டமாட்டார். அறையில் பழகிய கை, ஓசையெழ மோதாது. ஆனால் கண்ணீர் மட்டும் தாராளமாக வரும்.

மனைவி வீரலட்சுமி வாசலோடு சரி. “உள்ள வந்தா காளியம்மன் கோவிச்சுக்கிருவா” என்று சொல்லிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள்.

சோலைச்சாமிக்கு ஒரே ஆசை, ஞானஸ்நானம் பெற வேண்டும். அதைக் கேட்கப் போன இடத்தில்தான் வினை வந்தது.

பாஸ்டர் நாகர்கோவில்காரர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வியாதியைத் தீர்ப்பது கர்த்தர் ஒருவரே என்ற கட்டுப்பாடான சபை அவருடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர், மருந்தை நம்புகிறவன் கர்த்தரை முழு இருதயத்தோடு நம்பவில்லை, மருந்தை விட்டவர்களுக்கே ஞானஸ்நானம் என்று பிரசங்கித்தார். சபை முழுவதும் ‘ஆமென்’ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல் இருந்துகொண்டது. சொன்னதைக் கவனமாகக் கேட்டவர் சோலைச்சாமி ஒருவர்தான். அதுதான் தவறாகப் போயிற்று.

சிவகாசி வட்டாரத்தில் விழுங்குவதற்குப் பெயர் மாத்திரை, குத்துவதற்குப் பெயர் ஊசி. மருந்து என்றால் ஒன்றுதான், அது வெடிக்கும். நாகர்கோவிலில் இந்த வித்தியாசம் கிடையாது.

திங்கட்கிழமை காலை சோலைச்சாமி போர்மேன் பத்திரகாளியிடம் போய், இனி மருந்தைத் தொடமாட்டேன் என்றார். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது.

“என்னலே, கர்த்தரு உன்னய மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரா?”

“பாஸ்டரு எல்லாருக்குந்தான் சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டேன்.”

காகிதக் குழாய் உருட்டுகிற பெண்களோடு உட்காரவைத்தார்கள். பாதிக் கூலி. மூன்று மாதம் அந்தப் பெண்களின் கேலிக்கு நடுவே, வருத்தமே இல்லாமல் உருட்டினார். காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டார்.

ஞானஸ்நானம் வெம்பக்கோட்டை அணையில். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பாஸ்டர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கேட்டு முக்கினார். சோலைச்சாமியின் முறை வந்தது.

“மருந்தை விட்டுட்டீங்களா பிரதர்?”

“மூணு மாசமாச்சுய்யா” என்றவர், சட்டைப் பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் கரையில் நின்ற, கூடக் குழாய் உருட்டும் பொன்னுத்தங்கத்திடம் நீட்டி, நனையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பாஸ்டர் அது என்ன என்று கேட்டார். சோலைச்சாமி மறைக்காமல் சொன்னார். பாஸ்டரின் முகம் இறுகியது. தண்ணீரில் நின்றுகொண்டு பொய் சொல்கிறீர்களே என்றார். விஷயம் விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் முதலில் சிரித்தது பொன்னுத்தங்கம். பிறகு கரையே சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டு, வேலையை யார் விடச் சொன்னது, நாளைக்கே போய்ச் சேருங்கள் என்றார். கையால் பொட்டலத்தைக் காட்டினார்.

“இதுதான் பிரதர் மருந்து.”

சோலைச்சாமி சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் திரும்ப வாங்கி அணைக்குள் வீசினார். பாஸ்டர் அவரைப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் முக்கி எடுத்தார். பாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைக் கரையில் ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார். கண்ணாடி மருந்தில் சேராது.

கொல்லக்கூடியதை விட்டவர் இப்படி அதற்கே திரும்பிப் போனார், காப்பாற்றியதை விட்டார். மருந்து அறையில் செருப்புப் போடக் கூடாது. வலது காலில் ஏதோ குத்தி, புண்ணாகி, ஆறவே இல்லை. வீரலட்சுமி மாத்திரையை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நினைவு தப்பிக் கிடந்தவரை அவள்தான் மதுரைக்குத் தூக்கிப் போனாள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கத்தில் ஏற்றிய ஊசிகள் பாவக் கணக்கில் வருமா என்று சபையில் விவாதம் நடந்தது. வரும் என்று முடிவாகி, மூன்று மாதம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் நிறுத்தப்பட்டன. அவர் அதையும் முழு இருதயத்தோடு ஏற்றுக்கொண்டார்.

2008இல் பாஸ்டருக்கு மாற்றலாகியது. புதியவருக்கு இரத்தக் கொதிப்பு. டாக்டரும் மருந்தும் கர்த்தர் தந்த கிருபை என்று பிரசங்கித்தார். சபை முழுவதும் ‘ஆமென்’ சொன்னது, அதே குரலில்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், கட்டைக்காலை இழுத்து நடக்கிறவரிடம் வீரலட்சுமி கேட்டாள்: “இனியாச்சும் மாத்திரை போடுவீகளா?”

“கர்த்தருக்குன்னு விட்டதை எப்படித் திருப்பி எடுக்க?”

“அவரு கேட்டாராங்க?”

சோலைச்சாமி நின்று கட்டைக்காலின் வாரை இறுக்கிக்கொண்டார்.

“கேக்கலன்னு வச்சுக்க. அப்ப என் காலை யாருட்டப் போயி கேக்க? கேட்டாருன்னே இருக்கட்டும்.”

மறு வருடம் ஆவணியில் இறந்துபோனார். கடைசி வரை மாத்திரை போடவில்லை.