கரி பஸ்ஸில் ஒரு பானை மோர்

எங்கள் பூசணிக் கொடியில் சாம்பல் நோய். இலையெல்லாம் மாவு தூவியதுபோல் வெள்ளை. வீட்டு மாடு வற்றிவிட்டதால், பெரியகுளத்தில் அக்காவிடம் அதற்கு அடிக்க நன்றாகப் புளித்த மோர் ஒரு பானை வாங்கிக்கொண்டு இன்று எங்கள் ஊர் தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன்.

யுத்தத்தில் பெட்ரோல் ஏது? பஸ் பின்னால் கட்டிய கரியடுப்பின் புகையில்தானே ஓடுகிறது! அது குலுக்கிய குலுக்கில் பானை வாயில் கட்டியிருந்த துணி தெறித்தது. முன்சீட்டுக்காரருக்குத் தலை முதல் சட்டை வரை மோர்.

பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"ஏத்தா, இது செடிக்கு அடிக்கிற மோரா?"

"ஆமாண்ணே. பூசணிக்கு அடிக்கச் சொன்னாக."

"நம்ம அவரைப் பந்தல்லயும் சாம்பல் பூத்திருக்கு. என் மேல அடிச்சது போக மிச்சம் இருந்தா குடு!" என்று தூக்குவாளியை நீட்டினார்.

"இங்கன ஒரு செம்பு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கண்டக்டர் தன் ரோஜாச் செடிக்குக் கேட்டார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் ஊற்றினேன்.

பானை கழுவிய தண்ணீர்தான் கடைசியில் என் பூசணிக்கு.

உங்களில் யார் வீட்டிலாவது புளித்த மோர் இருக்கிறதா? சொல்லுங்கள், நடந்தே வருகிறேன்.