யோகம் மிஸ்ஸியின் பெட்டி

ஜப்பான்காரர் ஆட்சியில் சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாறியிருந்த காலத்தில், நோரிஸ் ரோட்டின் ஒரு மாடி அறையில் யோகம் குடியிருந்தார். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். யோகம் முறையாகப் படித்த மருத்துவச்சி. ஜப்பான்காரர் வந்ததும் ஆஸ்பத்திரி வேலை போயிற்று. ஆனால் பிள்ளைகள் பிறப்பது நிற்கவில்லையே! சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எந்த வீட்டில் வலி கண்டாலும் "மிஸ்ஸியக் கூப்பிடு" என்றுதான் ஓடினார்கள். நர்ஸுகளை அப்போது அப்படித்தான் கூப்பிடுவது.

நாற்பதை நெருங்கிய வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆள் குள்ளம், குரல் பெரிது. அவர் உள்ளே நின்று அதட்டினால், வெளியே நிற்கும் புருஷன்மாரும் சேர்ந்து முக்குவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவரை வீடு வீடாகக் கொண்டுபோய் விடுவது வேலாயுதத்தின் வேலை. வேலாயுதம் போருக்கு முன்பிருந்தே டாக்சி ஓட்டியவர்; பேச்சில் சிங்கப்பூர்க்காரர்களின் ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் கிடைக்காமல் போனதும் காரின் பின்னால் ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார். சமதரையில் ஓடும். மேடு வந்தால் ஏறியிருப்பவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். யோகம் தள்ளாத மேடு அந்த ஊரில் குறைவு. பிள்ளைபெற்ற வீட்டில் கொடுக்கும் முட்டை, கருவாடு, வற்றாளங்கிழங்கு எதுவானாலும் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஃபேரர் பார்க் பக்கம் கண்மணி என்ற பெண்ணைப் பார்க்கப் போனார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். எந்த நேரமும் வலி வரலாம் என்றிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே திரும்பப்போகிறோம், பெட்டியை எதற்குச் சுமப்பது என்று யோகம் நினைத்தார். தோல் பெட்டியைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

"வேலாயுதம், பெட்டி காருக்குள்ளை கிடக்குது. பாத்துக்கொள்ளும்."

"நான் எங்க மிஸ்ஸி போகப்போறேன்? இங்கதான் லா நிப்பேன்."

நின்றுதான் இருப்பார். ஆனால் தெருமுனைக் கடையில் அன்று அசல் காப்பித்தூள் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார். சோளத்தை வறுத்துப் பொடித்த கறுப்புத் தண்ணீரையே மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

யோகம் வெளியே வந்தபோது காரின் பக்கக் கண்ணாடி நொறுங்கிப் பின்சீட்டு முழுவதும் சிதறிக் கிடந்தது. பெட்டி இல்லை. வேலாயுதம் மாற்றுக்கு வைத்திருந்த நீலக்கட்டம் போட்ட கைலியும் இல்லை. சற்று நேரத்தில் வேலாயுதம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"எங்கை போனனீர்?"

வேலாயுதம் கண்ணாடியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸ்ல சொல்லிருவோம் மிஸ்ஸி" என்றார் கடைசியில்.

அதைக் கேட்டதும், காரைச் சுற்றிக் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகரத் தொடங்கினார்கள். ஜப்பான்காரர் வந்த புதிதில், திருடியவர்களின் தலைகளை முச்சந்தியில் வைத்திருந்ததை ஊரே பார்த்திருந்தது. யோகமும் பார்த்திருந்தார்.

"வேண்டாம்" என்றார் அவர். "ஒரு பெட்டிக்காக ஒருத்தன்ர தலை போகவேண்டாம். நான் ஆக்களை உலகத்துக்குக் கொண்டுவாறனான். அனுப்பிவைக்கிற வேலை எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்குப் போனதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்கோல், இடுக்கிகள், எனாமல் தட்டு, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. கிருமி போகக் கை கழுவ, ஊரில் தேடினாலும் கிடைக்காத ஒரு கட்டி கார்பாலிக் சவுக்காரமும் இருந்தது. கண்மணிக்கு வலி கண்டால் வெறுங்கையோடா போவது?

மறுநாள் காலையிலேயே வேலாயுதத்தை அழைத்துக்கொண்டு, ஒரு கூடையில் முட்டைகளையும் கிழங்கையும் எடுத்துக்கொண்டு சுங்கை ரோட்டுக்குப் புறப்பட்டார்.

ரோச்சோர் கால்வாய் ஓரமாகப் பாயையும் சாக்கையும் விரித்து, பூட்டு, ஒற்றைச் செருப்பு, கைப்பிடியில்லாத குடை, யார் வீட்டிலோ மாட்டியிருந்த கடிகாரம் என்று எதையும் விற்கும் சந்தை அது. ஊரில் காணாமல் போவது அங்கேதான் வந்து சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த அந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மொத்தச் சந்தையும் பாயைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிடும்.

"களவு எண்ட சொல்லை வாயிலை எடுக்கவேண்டாம், விளங்குதோ?" என்று யோகம் எச்சரித்தார்.

"நான் வாயே தொறக்கல மிஸ்ஸி."

முதலில் அகப்பட்டது கத்தரிக்கோல். மரத்தடியில் முடிவெட்டும் ஒரு சீனக் கிழவரின் கையில் அது சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தது. யோகம் பேச்சு மலாய் மொழியில் அதைக் கேட்டார். கிழவர், "துங்கு, துங்கு" என்று கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். நாற்காலியில் இருந்தவரின் தலையில் ஒரு பக்கம்தான் வெட்டியாகியிருந்தது. மறுபக்கமும் முடியும்வரை யோகம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு முட்டைகளைக் கொடுத்துக் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார்.

எனாமல் தட்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சுமந்துகொண்டிருந்தது. விற்றவள் பூவம்மா. அவளுடைய கடைசிப் பிள்ளையை எடுத்தவரே யோகம்தான்.

"ஐயையோ, உங்க தட்டா மிஸ்ஸி இது? நேத்துச் சாயங்காலம் ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். பளபளன்னு இருக்கேன்னு வாங்கிட்டேன்" என்று சொல்லி, கிழங்கை வாழையிலையில் கொட்டித் தட்டைத் துடைத்துக் கொடுத்தாள். வேலாயுதத்துக்கு ஒரு துண்டு கிழங்கும் கிடைத்தது. வாயே திறக்கமாட்டேன் என்றவர் அதற்கு மட்டும் திறந்தார்.

மரக்குழலைத்தான் லேசில் மீட்க முடியவில்லை. அது தேங்காய் எண்ணெய் விற்கும் சேக் தாவூதிடம் இருந்தது. குழலின் அகன்ற வாய் மேலே, குறுகிய முனை போத்தலுக்குள்ளே. எண்ணெய் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பாய், அந்தக் குழலை எனக்குத் தாறீங்களோ?"

"இந்தப் புனலாம்மா? இது விக்கிறதுக்கில்ல. நேத்துத்தான் வாங்குனேன். பாருங்க, ஒரு சொட்டு கீழ சிந்தல!"

"அது புனல் இல்லை பாய்."

"எண்ணெய் எறங்குதே. அப்புறம் புனல் இல்லாம என்ன?"

யோகம் வாதாடவில்லை. குழலை வாங்கித் துடைத்தார். வேலாயுதத்தைப் பிடித்து நிறுத்தி, சட்டையைத் தூக்கி, அகன்ற வாயை அவர் வயிற்றில் வைத்தார்.

"மற்றப் பக்கத்திலை காதை வையுங்கோ."

சேக் தாவூது குனிந்து காதை வைத்தார். அவர் கண்கள் விரிந்தன.

"அல்லா! உள்ள பஸ்ஸுல்ல ஓடுது!"

"கெழங்கு பாய், இப்பத்தான் தின்னேன்" என்றார் வேலாயுதம் வெட்கத்தோடு.

அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். குழலை வைத்து ஒருவர் வயிற்றை மற்றவர் கேட்டார். பூட்டுக்காரர் வயிற்றில் தவளை கத்தியது. குடைக்காரர் தன் வயிற்றைக் காட்டி, "எனக்கு ஒண்ணுமே கேக்கலன்றாங்களே" என்று கவலைப்பட்டார்.

"நேத்துலேருந்து எதுவும் திங்கல நீ. என்னத்தக் கேக்கும்?" என்றாள் பூவம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவளே ஒரு துண்டு கிழங்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

சிரிப்பு அடங்கியதும் யோகம் சொன்னார்: "இது வயித்திலை இருக்கிற பிள்ளையின்ர நெஞ்சு அடிக்கிறதைக் கேக்கிற குழல். உள்ளுக்கை பிள்ளை களைச்சுப்போச்செண்டால் இதுதான் எனக்குச் சொல்லும். இது இல்லாட்டி நான் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்யவேணும்."

சேக் தாவூது குழலை வாங்கி, கைலி நுனியால் உள்ளும் புறமும் மறுபடி துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"எம் மருமக ருக்கையாவுக்கு இது எட்டாம் மாசம். நீங்கதாம்மா வந்து பாக்கணும்."

"கட்டாயம் வருவன். எண்ணெய் ஊத்த என்ன செய்வீங்கள்?"

"எலையச் சுருட்டி ஊத்திக்கிறேன், போங்க."

அவர்கள் திரும்பி நடக்கையில் பின்னால் ஒரு குரல் கேட்டது. முப்பது வயதிருக்கும் ஒரு மெலிந்த மனிதன் நின்றான். கையில் தோல் பெட்டி.

"மிஸ்ஸி, கால்வா ஓரத்துல கெடந்துச்சு. ஒங்களதான்னு நெனச்சேன்."

யோகம் திறந்து பார்த்தார். இடுக்கிகளும் நூலும் அப்படியே இருந்தன. சவுக்காரத்தை மட்டும் காணோம். ஆனால் அது எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. சந்தையில் எல்லாரும் சாம்பலும் தண்ணீருமாகக் குளித்து, சட்டைக் காலர் கறுத்து நின்றபோது, அவன் ஒருவன் மட்டும் புதுத் தேங்காய் மாதிரி பளிச்சென்று இருந்தான். கார்பாலிக் வாசம் குப்பென்று அடித்தது. இடுப்பில் நீலக்கட்டம் போட்ட கைலி.

"மிஸ்ஸி, அது என்னோட..." என்று ஆரம்பித்த வேலாயுதத்தின் காலை யோகம் மிதித்தார்.

"ஒரு சவுக்காரம் இருந்தது" என்றார் அவனிடம்.

அவன் தலையைக் குனிந்தான். "கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வானத்தையும் கால்வாயையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

"குளிச்சது நல்லதுதான்" என்றார் யோகம். "மிச்சத்தைக் கொண்டுவாரும். பிள்ளையைத் தொடுற கையைக் கழுவவேணும்."

அவன் ஓடினான். தேய்ந்துபோன சவுக்காரத்தை இலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கும்பிட்டான். அதற்குப் பிறகு அவனை அவர்கள் பார்க்கவில்லை.

காருக்குள் ஏறியதும் வேலாயுதம் பொருமினார். "எல்லாத்தயும் வாங்குனீங்க. என் கைலிய மட்டும் ஏன் மிஸ்ஸி கேக்க விடல?"

"கேட்டிருந்தால் அந்த மனிசன் நடுச்சந்தையிலை கழட்டித் தந்திருப்பான்."

வேலாயுதம் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கரி வண்டியும் கூடவே குலுங்கியது.

அன்று பிற்பகலே கண்மணிக்கு வலி கண்டது. சுகப்பிரசவம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கட்டத்தில் குழலை வைத்துக் கேட்ட யோகத்தின் முகம் மாறியது. துடிப்பு மந்தமாக இருந்தது. கண்மணியை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, மறுபடி கேட்டார். பிறகு அவசரப்படுத்தினார். அவருடைய அதட்டல் தெருமுனைவரை கேட்டதாகச் சொல்வார்கள். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. தலை வெளிவந்ததும் விரலை விட்டு அதை லாகவமாக விலக்கினார். பெண்பிள்ளை. பிறந்ததும் வீறிட்டு அழுதாள்.

வெளியே நின்ற கண்மணியின் புருஷனுக்கு அழுகையும் கேட்டது, எண்ணெயில் ஊறியிருந்த குழலின் வாசமும் வந்தது. "என்ன, உள்ள பலகாரம் சுடுறாங்களா?" என்று கேட்டுவிட்டு மாமியாரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து யோகம் பெட்டியைக் காரில் விட்டதே இல்லை. முக்கியமான சாமான் எதையும் வண்டியில் விடக்கூடாது என்று வேலாயுதத்துக்கும் சொல்லிவைத்தார். கோயிலுக்குப் போனால் பெட்டியும் பிரகாரம் சுற்றியது. தெருமுனையில் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்கு முன் எல்லாரும் குனிந்து வணங்க வேண்டிய காலமல்லவா, அவர் குனியும்போது பெட்டியும் கூடக் குனிந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் யோகத்துக்குப் பக்கத்தில் பெட்டி இருந்த இடத்துக்கும் யாரோ ஒரு இலை போட்டுவிட்டார்கள். வேலாயுதமும் உடைந்த கண்ணாடிக்கு ஒரு பலகையை அடித்துவிட்டு, மற்ற டிரைவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்யத் தொடங்கினார். "சாமான உள்ள வெச்சுட்டு எறங்காதீங்க லா. கண்ணுல பட்டாத்தான ஆச வருது? சீட்டு காலியா இருந்தா எவன் ஒடைக்கிறான்?"

ஜப்பான்காரர் தோற்றுப்போய், பெட்ரோல் மறுபடி கிடைக்கத் தொடங்கிய சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நீண்ட பிரசவம் முடிந்து காலையில் திரும்பும்போது யோகம் பின்சீட்டிலேயே அயர்ந்து தூங்கிவிட்டார். தேக்கா மார்க்கெட்டருகே வேலாயுதம் வண்டியை நிறுத்தினார். பழக்கதோஷத்தில் உள்ளே கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, யோகத்தின் மடியிலிருந்த பெட்டியையும் தூக்கிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

யோகம் கண் விழித்தார். மடியில் பெட்டி இல்லை. "ஐயோ, என்ர பெட்டி!" என்று போட்ட கூச்சலில் மீன்காரர்கள் கத்தியும் கையுமாக ஓடிவந்தார்கள். காய்கறிக்காரர்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். பாவம், பெட்டி தூக்கிக்கொண்டு போன ஒரு தையற்காரரை வளைத்துப் பிடித்து, உள்ளே ஊசியும் நூலும் இருப்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். கடைசியில் காப்பிக்கடைக்குள் நுழைந்தவர்கள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, நிதானமாகக் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த வேலாயுதத்தைக் கண்டார்கள்.

நாலு பேர் அவரை யோகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"நீங்கதான மிஸ்ஸி சொன்னீங்க, முக்கியமான சாமான் எதையும் வண்டியில விடக்கூடாதுன்னு" என்றார் வேலாயுதம்.

"அப்ப நான்?"

வேலாயுதம் யோகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "ஒங்கள எவன் மிஸ்ஸி தூக்குவான்? தூக்குனாலும் ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள எறக்கி விட்டுருவான் லா!"

மார்க்கெட்டே சிரித்தது. யோகம் முறைத்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "போய் எனக்கும் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வாரும்" என்றார்.