கன்னிமாருக்குப் போட்ட தோடு

எங்கள் ஊரை ஊர் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். டவுன் என்று சொல்ல வேண்டும். பெரம்பலூருக்கு பஸ் இருக்கிறது, அரியலூருக்கு பஸ் இருக்கிறது, பேரூராட்சி ஆபீஸ் இருக்கிறது, ஒரு கல்யாண மண்டபம்கூட இருக்கிறது, அப்புறம் என்ன என்பார்கள். அந்த டவுன் மொத்தமும் ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. பஸ் நிற்பது கரைமேல். டீக்கடை, சலூன், சாயங்காலமானால் மீன் வறுக்கும் தள்ளுவண்டி எல்லாம் கரைமேல். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் பெண் எப்படி என்று சொல்வதும், கோர்ட்டுக்குப் போய்வந்தவர்கள் வாய்தா எப்போது என்று சொல்வதும் அங்கே நின்றுகொண்டுதான். இன்றைக்கும் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள், நான் இளைத்துவிட்டேனா பெருத்துவிட்டேனா என்று கரையே கூடித் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இவ்வளவும் ஏரியை நம்பித்தான். ஆனால் நான் பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. ஏரி என்றால் ஒரு காடு என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம், வெடித்த மண், நடுநடுவே ஆடுகள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏரி வரைந்து கலர் அடிக்கச் சொன்னபோது பச்சையும் பழுப்புமாக அடித்துக் கொண்டுபோய் நீட்டி, நன்றாகக் குட்டு வாங்கினேன். தப்பு என்னுடையதா ஏரியுடையதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் காட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில் ஒரு சின்ன ஊர். அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ்ஸில் போனால் ஏரியைச் சுற்றிக்கொண்டு, நாலைந்து ஊர்களில் நின்று நின்று, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு போக வேண்டும். ஆனாலும் அத்தை மகனுக்குக் காதுகுத்து வந்தபோது அப்பா பஸ்ஸில்தான் போவேன் என்று நின்றார். தாய்மாமன் சீர் கொண்டு போகிறான், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டு வழியாகவா போவான்? நாலு பேர் பார்க்கப் போக வேண்டாமா?

நாலு பேர் பார்க்கத்தான் போனோம். பஸ் வழியில் பஞ்சராகிவிட்டது. அங்கே நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி அவசரப்படுத்த, மாமா, அதாவது அத்தையின் புருஷன், பிள்ளையைத் தூக்கி அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியில் உட்கார வைத்துவிட்டார். நாங்கள் தட்டுகளோடு பந்தலுக்குள் நுழைந்தபோது குத்தியாகிவிட்டது. பயல் இரண்டு காதிலும் யாரோ போட்ட தோட்டோடு வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அப்பா தட்டுகளைக் கீழே வைத்தார். தோடு இருந்த சின்னச் சிவப்பு டப்பாவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். மாமா போகாதே என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமே என்று அப்பாவும் கேட்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்தச் சிவப்பு டப்பா எங்கள் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. பீரோ திறக்கும்போதெல்லாம் நான் அதைத் திறந்து பார்ப்பேன். பச்சைக் கல் வைத்த குட்டித் தோடு. அந்தப் பயலுக்குத்தான் இல்லை என்று ஆகிவிட்டதே, என்றைக்காவது என் காதுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு.

பேச்சுதான் நின்றதே தவிர அம்மாவுக்கு விறகுத் தேவை திடீரென்று அதிகமாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாளாவது என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குள் விறகுக்குப் போவாள். கரையோரம் எவ்வளவோ முள் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு நட்டநடுவே நின்ற ஒரு பெரிய நாட்டுக் கருவேல மரத்துக்குத்தான் போவாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு அத்தையும் அங்கேயே வந்து சேருவாள். தற்செயலாக என்றுதான் நான் நினைத்தேன். அத்தை வந்ததும் முதலில் என் கன்னத்தைக் கிள்ளி, “என்னடி மருமவளே, பல்லு விழுந்துடுச்சா?” என்பாள். அடுத்ததாக அம்மாவிடம், “அண்ணனுக்கு இருமல் நின்னுச்சா அண்ணி?” என்பாள். அப்புறம் இரண்டு பேரும் விறகு பொறுக்கவே மாட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து, அம்மா கொண்டுபோன மிக்சரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவார்கள், பேசுவார்கள், அப்படிப் பேசுவார்கள். நான் அத்தை மடியில் படுத்துக்கொண்டு இலைகளுக்கு நடுவே வானத்தைப் பார்ப்பேன். அவர்கள் பேச்சு மேலே எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

விறகுக்குப் போகிறவளுக்கு மிக்சர் எதற்கு என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்கள் கிளம்புகிற அன்றைக்கு முந்தின சாயங்காலம் எப்படியோ அது வாங்கி வந்து அரிவாளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். எனக்காகத்தான் வாங்கிவருகிறார் என்று நினைத்து வழியிலேயே பாதியைத் தின்றுவிடுவேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. வெளியே தலை காட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். ஒரு நாள் காலையில் மழை நின்றது. தெருவே கரையை நோக்கி ஓடியது. நானும் ஓடிப்போய் நின்று பார்த்தேன். காட்டைக் காணோம். காடு இருந்த இடத்தில் வானம் கிடந்தது. மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கொக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மரத்தின் உச்சி மட்டும் ஏரி நடுவே ஒரு புதர் மாதிரி மிதந்தது. நான் படுத்துக்கிடந்த அத்தை மடி அந்தத் தண்ணீருக்குள் எங்கேயோ இருக்கிறது என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. டீச்சரிடம் போய் நீலம் இல்லை, சாம்பல் கலர் என்று சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

கரைமேல் ஒரே கும்மாளம். டீக்கடைக்காரர் யாரிடமும் காசு வாங்கவில்லை. கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஏரிக்குக் கீழே எங்களுக்கும் வயல் இருந்தது. அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். மரத்தின் உச்சியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிர்க்கரையில் யாரோ சிவப்புப் புடவையில் தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்தில் அது ஒரு குங்குமப் பொட்டு அளவுக்குத்தான் தெரிந்தது.

“அது அத்தையாம்மா?”

“ஆமா. இனிமே எப்புடி வருவா?” என்றாள் அம்மா. நடந்து வர முடியாவிட்டால் பஸ்ஸில் வரட்டுமே, இதற்குப் போய் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கரையிலிருக்கும் ஏழு கன்னிமாருக்குப் படையல் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாழைமட்டையில் ஒரு தெப்பம் கட்டி, அதில் மஞ்சள், குங்குமம், வளையல், காதோலை, கருகமணி எல்லாம் வைத்து, விளக்கேற்றித் தண்ணீரில் விடுவார்கள். கார்த்திகை மாதத்து வாடைக்காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும். அங்கே ஒதுங்குவதைக் கன்னிமார் கொடுத்ததாக எண்ணிக் கும்பிட்டு, அந்த ஊர்ப் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள்.

படையல் அன்று அப்பா பீரோவைத் திறந்தார். சிவப்பு டப்பாவை எடுத்தார். என் காதுக்கு என்று நினைத்துத் தலையைச் சாய்த்துக்கூடக் காட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதைத் தெப்பத்துத் தட்டில் வைத்தார்.

அம்மா பதறிப்போனாள். “ஏங்க, தங்கமுங்க! தண்ணியோட போயிட்டா?”

“போனாப் போவட்டும். சாமிக்குத்தானே.”

காதோலை வைக்க வேண்டிய இடத்தில் தங்கத் தோடு வைக்கும் அளவுக்கு அப்பாவுக்கு எப்போது இவ்வளவு பக்தி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அதைவிட, கன்னிமார் ஏழு பேர். தோடு ஒரு ஜோடி. இவர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வார்கள்? அப்பா தன் தோளில் கிடந்த பச்சைக் கரைத் துண்டை எடுத்துத் தட்டோடு சேர்த்துக் கட்டினார். அந்தத் துண்டைத் தெரியாதவர்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் கிடையாது.

தெப்பங்கள் கிளம்பின. பெண்கள் குலவையிட்டார்கள். விளக்குகள் வரிசையாக ஏரி மேல் நடந்து போனது கனவு மாதிரி இருந்தது. எல்லாம் அக்கரையைப் பார்த்துப் போயின. எங்களுடையது மட்டும் பாரமோ என்னவோ, பின்தங்கி, சுற்றிச் சுற்றி, நேராகப் போய் அந்தக் கருவேல மரத்தின் உச்சியில் சிக்கிக்கொண்டது. “பாத்தியா, கன்னிமாரு மரத்துல குந்திட்டாங்க!” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. கூட்டம் கலைந்து சாப்பிடப் போயிற்று. அப்பா போகவில்லை. அவர் போகாததால் நாங்களும் போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து ஒரு லாரி டியூப் தண்ணீரில் இறங்கியது. மீன் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் போவார்கள். ஆனால் இதில் இருந்த ஆளுக்குத் துடுப்புப் போடத் தெரியவில்லை. கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு, கோணல்மாணலாக, மரத்துக்கு வந்து சேர்ந்தார். மாமா!

மாமா முள்ளை விலக்கித் தெப்பத்தை இழுத்தார். துண்டைத் தடவிப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார். அதற்கப்புறம் எதுவும் செய்யாமல் டியூபில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்தக் கரையில் அப்பா நின்றுகொண்டே இருந்தார். சத்தமாகக் கூப்பிட்டால் கேட்காத தூரமில்லை. இரண்டு பேரும் கூப்பிடவில்லை. பிறகு மாமா டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு, துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“அப்பா! சாமிக்குப் போட்டதை மாமா திருடிட்டுப் போறாருப்பா!” என்று கத்திவிட்டேன்.

அப்பா அவசரமாக என் வாயைப் பொத்தினார். “ச்சூ, சும்மா இரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாது.” மாமாவைப் போலீஸ் பிடித்துவிடும் என்று பயப்படுகிறார், என்ன இருந்தாலும் தங்கச்சி புருஷன் அல்லவா என்று நான் முடிவுசெய்துகொண்டேன். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு மறுநாளைக்கு மறுநாள் அத்தை வந்தாள். பஸ்ஸில் வந்தாள், மாமாவோடும் பயலோடும், கரைமேல் டவுன் மொத்தமும் வேடிக்கை பார்க்க இறங்கினாள். பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயல் காதில் பச்சைக் கல் தோடு! மாமா தோளில் அப்பாவின் துண்டு! திருடியதைப் போட்டுக்கொண்டு திருடின வீட்டுக்கே வருகிற துணிச்சலை என்னவென்று சொல்வது?

“வாங்க” என்றார் அப்பா, பஸ் டயரைப் பார்த்துக்கொண்டு.

“ம்” என்றார் மாமா, டீக்கடையைப் பார்த்துக்கொண்டு.

“பஸ்ல கூட்டமோ?”

“கூட்டந்தாங்க மச்சான்.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் போய் அம்மாவும் அத்தையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கோ வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. மத்தியானம் கறிச்சோறு இறங்கவில்லை. பயலைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளை. கன்னிமார் ஏழு பேருக்கும் கோபம் வந்தால் முதலில் அவன் காதுதானே அழுகும்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் படித்துறைக்குப் போனேன். தேர்க்கடையில் வாங்கிய என் பிளாஸ்டிக் தோட்டைக் கழற்றினேன். ரோஸ் கலர். எனக்கு உயிர் அது. “ஏழு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குங்க, அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க” என்று சொல்லித் தண்ணீரில் வீசிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு கரைமேல் ஏறினேன்.

டீக்கடை பெஞ்சில் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தோடு எங்கடி?” என்றார் அப்பா.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “மாமா எடுத்ததுக்குப் பதிலா கன்னிமாருக்குப் போட்டுட்டேன். இனிமே நீங்க ரெண்டு பேரும் பயப்பட வேணாம்” என்றேன்.

திட்டு விழும் என்று நின்றேன். விழவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். மாமா தோள் துண்டின் ஒரு முனையால் முகத்தைத் துடைத்தார். அப்பாவும் அதே துண்டின் இன்னொரு முனையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீ ரொம்பச் சூடு போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.